பலாப்பழத்தைப் பழிக்கும் ராவுத்தர்

“உங்க ஊர்ப் பலாப்பழத்த மாடுகூட மோந்து பாத்துட்டு நவுந்துரும்” என்கிறார் நசீர் அகமது.

மேசைமேல் மல்லாந்து கிடப்பவர் அர்த்தனாரி, ஆலத்தூர் நாட்டுக் குடியானவர். அவர் மூக்கையும் வாயையும் மூடி ஒரு கம்பிக்கூடு. கூட்டின்மேல் மெல்லிய துணி. துணியின்மேல் சொட்டுச் சொட்டாகக் குளோரோபாரம் விழுகிறது. அந்த நிலையிலும் அர்த்தனாரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது.

“ஏனுங்க ராவுத்தரே, தின்னு பாத்துட்டுப் பேசுங்க!”

“தின்னேனே. சுளையா அது? நாரு.”

“நாரா? நாரு... உங்க கீழ்நாட்டுப் பழம்... எங்க மரத்துல...”

இன்னும் சில சொட்டுகள். நசீர் அகமது குனிந்து, காதோடு காதாக, “அந்த நார வச்சுக் கயிறு திரிக்கலாங்க கவுண்டரே” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். பதில் இல்லை. உதடு மட்டும் ஏதோ சொல்லப் பார்த்து மறந்துபோகிறது.

“கோவம் போயிருச்சுங்க டாக்டரய்யா” என்கிறார்.

கோபம் போய்விட்டது என்றால் கத்தியை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. அது வாசற்படிதான். அதற்கப்புறம் அவர் வாயாடுவதை நிறுத்திவிடுகிறார். சுட்டுவிரல் நுனியால் இமைமயிரைத் தொடுகிறார். கண் சுருங்குகிறதா என்று பார்க்கிறார். சுருங்கினால் இன்னும் கொஞ்சம் சொட்டு. காதுக்கு முன்னால் துடிக்கும் நரம்பின்மேல் ஒரு விரல். கீழ்த்தாடையைத் தூக்கிப் பிடித்த உள்ளங்கை. மூச்சு உரசுகிறதா, குறட்டை போடுகிறதா, தயங்குகிறதா என்று கேட்கும் காது. அந்தக் காதுதான் அவருடைய முதல் கருவி. மூச்சின் ஒலி மாறுவதற்கு முன்பே அவருடைய புருவம் மாறிவிடும் என்று நர்ஸ் ருக்குமணி சொல்வாள். அது மிகையாக இருக்கலாம். ஆனால் அவர் புருவத்தைப் பார்த்தே அவள் துணியை எடுத்து நீட்டுவதை யாரும் பார்க்கலாம்.

மலைமேல் இருக்கும் இந்தத் தகரக் கூரை ஆஸ்பத்திரிக்கு ஒரே டாக்டர் ஞானமுத்து. அறுப்பது அவர், அறுத்து முடிக்கும்வரை ஆளை உறங்கவைத்து, உறக்கம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, திரும்ப மேலே கொண்டுவந்து சேர்ப்பது கம்பவுண்டர் நசீர் அகமதின் பொறுப்பு. குட்டையான மனிதர். தலையில் வெள்ளைத் தொப்பி. முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட சட்டை. மேசையின் தலைமாட்டில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாரானால் வெளியே இடி விழுந்தாலும் திரும்பமாட்டார். இடது புறங்கையை மட்டும் அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்வார். நனைந்த தோலை மூக்கருகில் பிடித்தால், மெலிந்த மூச்சும் சில்லென்று பட்டுத் தெரியும்.

கீழே பெரிய ஆஸ்பத்திரிகளில், மருந்து கொடுக்கும்போது நோயாளியை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். எண்ணிக்கை தடுமாறினால் மயக்கம் வருகிறது என்று கணக்கு. நசீர் அகமதும் சேலத்தில் அப்படித்தான் கற்றுக்கொண்டார். மலைக்கு வந்தபிறகு விட்டுவிட்டார்.

“எண்ணறதுன்னா, வாயி தன்னால எண்ணிக்கிட்டே போகுமுங்க. தூக்கத்துல நடக்கறவனாட்டம். கோவம் அப்படித் தன்னால வராது. கோவிக்கறதுன்னா, நான் சொன்னது காதுல உழுவணும், உள்ள போவணும், நம்மளுதப் பழிச்சுட்டானேன்னு உறைக்கணும், திருப்பிச் சொல்ல வார்த்தை தேடணும். அத்தனைக்கும் முழிப்பு வேணும்.”

பழிப்பது அவருக்குப் பிறவியிலேயே வந்த வித்தை. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில், அவர் அத்தா என்று கூப்பிடும் தகப்பனார் மலைச் சரக்கு வாங்கி விற்றவர். மிளகு, தேன், பலா எல்லாம் தலைச்சுமையாக இறங்கி அந்தக் கடை வாசலுக்குத்தான் வரும். வாங்குகிறவன் சரக்கைப் பார்த்ததும் முகம் சுளிக்க வேண்டும் என்பதுதான் வியாபாரத்தின் முதல் பாடம். எந்த ஊர் மிளகு சிறுத்திருக்கும், எந்த ஊர் தேன் கசக்கும், எந்த ஊர்க்காரருக்கு எதைச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதெல்லாம் அவருக்குச் சின்ன வயதிலேயே அத்துபடி. கடையில் அண்ணன்மார் உட்கார்ந்தார்கள். இவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நாக்கை மட்டும் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

இது மலை முழுக்கத் தெரிந்துபோய் இப்போது ஒரு புதுச் சங்கடம். ஒரு முறை அசதியில், மேசையில் இருந்த ஒரு பெரியவரிடம், “உங்க பழம் நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டார். பெரியவர் கம்பிக்கூட்டைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டார். “ராவுத்தரே, உண்மையச் சொல்லுங்க. நான் பொழைக்க மாட்டனா?”

அறுவை நாளில் அவர் காலையிலேயே படுக்கை படுக்கையாகச் சுற்றி வருவார். “வாயத் தொறங்க” என்று கன்னத்துக்குள் விரலை விட்டு, ஒதுக்கிய வெற்றிலையையும் புகையிலையையும் தோண்டி எடுப்பார். “பொட்டிக்கடையே வச்சிருக்கீங்களே!” அடுத்தது வயிறு. மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். உண்டது வாந்தியாகி மூச்சுக்குழலில் இறங்கினால் ஆள் போய்விடும். ஆனால் பெரிய காரியத்துக்குப் போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மலைச்சனத்துக்கு மனம் வராது. விடியும் முன்பே களியை உருட்டி ஊட்டிவிட்டு, “பச்சத்தண்ணிகூடக் குடுக்கலீங்க” என்பார்கள். இவர் அவர்களிடம் சாப்பிட்டாயா என்றே கேட்பதில்லை. “கேவுரு இந்த வருசம் சரியில்ல போலிருக்கே. காலையில களி வெந்துச்சா, மாவா நின்னுச்சா?” என்பார். “அதெல்லாம் நல்லா வெந்துச்சுங்க!” என்று பதில் வந்ததும், “நல்லது. நாளைக்கு அறுத்துக்கலாம்” என்று அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்.

இத்தனையும் மற்றவர்களைப் பேசவைக்கும் சாமர்த்தியம். பேசவே மாட்டேன் என்று ஒருத்தி வந்து படுத்தபோது என்ன செய்வது?

போன தை மாதம் பொன்னாயியை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். விறகுச் சுமையோடு சறுக்கி விழுந்ததில், வெட்டிய மூங்கிலின் அடிமுளை கெண்டைக்காலில் ஆழக் குத்தியிருந்தது. கால் தூண் மாதிரி வீங்கிப் பளபளத்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, இன்றே திறந்து சீழை எடுத்தால் கால் தங்கும், நாளை என்றால் முழங்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றார். டோலியின் முன்கொம்பைப் பிடித்து வந்த புருஷன் சென்றாயன், தோளைத் தேய்த்துக்கொண்டே, “இன்னைக்கே பாருங்க சாமி” என்றான். அவனை வெளியே நிறுத்தி மூங்கில் தட்டிக் கதவைச் சாத்தினார்கள்.

நசீர் அகமது கம்பிக்கூட்டை வைத்துச் சொட்டு விட ஆரம்பித்தார். “உங்க ஊர்ப் பலாப்பழம்...” என்று தொடங்கினார். பதில் இல்லை. சாமையைப் பழித்தார். தேனைப் பழித்தார். கடைசியில், “உம்பட ஊட்டுக்காரன் டோலி தூக்கற லட்சணத்தப் பாத்தேன். பொண்டாட்டியத் தூக்கறானா, பூசணிக்காயத் தூக்கறானா?” என்றார். பொன்னாயியின் நெற்றி மட்டும் சுருங்கியது. வாய் திறக்கவில்லை.

அவளுக்கு மயக்கம் வரவில்லை. கம்பிக்கூட்டைத் தூக்கிப் பார்த்தார். உதடுகளைப் பற்களுக்கு நடுவே மடித்துக் கடித்திருந்தாள். நெஞ்சு அசையவில்லை. மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொண்டிருந்தாள்.

மூச்சை அடக்குகிறவர்கள் எவ்வளவு நேரம் அடக்க முடியும்? நெஞ்சு தாங்காமல் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். துணியில் ஊறிய மருந்து அத்தனையும் அந்த ஒரு மூச்சில் உள்ளே போகும். அப்படி இழுத்த மூச்சே கடைசி மூச்சாகிப் போனதைச் சேலத்தில் அவர் கண்ணால் கண்டிருக்கிறார். கூட்டைத் தூரப் பிடித்துக்கொண்டார்.

“என்ன நசீர்?” என்றார் டாக்டர்.

“ஒரு நிமிசங்க.” பிறகு அவளிடம், “என்ன அம்மிணி, வாய்க்குள்ள தேன்கூடு வச்சிருக்கியா? தொறந்தா ஈ பறந்துருமா?”

அவள் டாக்டரைப் பார்த்தாள். ருக்குமணியைப் பார்த்தாள். நசீர் அகமது புரிந்துகொண்டு காதைக் கொண்டுபோய் அவள் வாயருகில் வைத்தார்.

“இந்த மருந்துல கெடந்தா மனசுல இருக்கறதெல்லாம் வாயில வந்துருமாமுங்களே?”

“வரும். ஒருத்தன் போன வாரம் மாட்டத் திட்டிக்கிட்டே கெடந்தான். அதுக்கென்ன?”

“அவிய பேரு வந்துட்டா?”

புருஷன் பேரைத்தான் சொல்கிறாள். தாலி ஏறிய நாளிலிருந்து அவள் வாயால் அந்தப் பேரைச் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுசுக்குக் குறைச்சல். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது புருஷன் பேர் என்ன என்று ருக்குமணி கேட்டதற்குக்கூட, டோலி தூக்கி வந்த வேறொரு ஆளைக் கைகாட்டிச் சொல்லச் செய்தவள்.

“அந்தப் பேருதான் வரும்னு எப்படித் தெரியும்? வேற ஏதாச்சும் வரும்.”

“மனசுக்குள்ள வேற ஒண்ணும் இல்லீங்களே” என்றாள் பொன்னாயி.

இது மூடநம்பிக்கை, பேரைச் சொன்னதால் யாரும் செத்ததில்லை என்று அவர் எடுத்துச் சொல்லியிருக்கலாம். படித்த யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது படிப்பா? கால் பழுத்துக் கிடக்கிறது, கத்தி காத்திருக்கிறது, அவளோ தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நசீர் அகமதின் வீட்டிலும் தில்ஷாத் பேகம் அவரை ‘இந்தாங்க’ என்பதற்கு மேல் ஒன்றும் கூப்பிட்டதில்லை. அவர் வாதாடவில்லை. வியாபாரி மகனாகப் பேரத்தில் இறங்கினார்.

“இங்க பாரு அம்மிணி. உன் வாயி அசையறப்பல்லாம் நான் கத்துவேன். சந்தையில கூவற மாதிரிக் கூவுவேன். நீ என்ன சொன்னாலும் ஒருத்தர் காதுலயும் உழுவாது. காதுல உழுவாத பேச்சு பேச்சே இல்ல. சம்மதமா?”

அவள் யோசித்தாள். “சாமி மேல சத்தியமா?”

“என் சாமி மேல.”

பொன்னாயி உதட்டை விடுவித்தாள். பல் பதிந்த இடம் வெளுத்திருந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவர் கம்பிக்கூட்டை வைத்தார்.

எதைக் கொடுத்து அந்தப் பேரத்தை முடித்தார் என்பது அப்போது அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மருந்து ஏறும்போது எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். கை கால் உதறும், வாய் பிதற்றும். பொன்னாயிக்கும் வந்தது. உதடு அசைந்தது. உடனே தகரக் கூரை அதிர, “மொளகு, மொளகு! மல மொளகு! கடுகாட்டம் சிறுத்தாலும் காரமான மொளகேய்!” என்று கூவினார் நசீர் அகமது. டாக்டர் திடுக்கிட்டுப் போனார். அவள் உதடு நின்றது, இவரும் நிறுத்தினார். மறுபடி அசைந்தது. “சீரகம், வெந்தியம், சுக்கு!” ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நசீர், என்ன இது?”

“வாக்குக் குடுத்துட்டனுங்க. நீங்க பாருங்க.” இமையைத் தொட்டுப் பார்த்தார், அசைவில்லை. “ஆரம்பிக்கலாமுங்க” என்றார். டாக்டர் கெண்டைக்காலில் கத்தியை வைத்தார். அப்போது பொன்னாயியின் உதடு மறுபடியும் துடித்தது. “கொத்துமல்லி! பூண்டு! பழம்புளியேய்!”

கத்துகிறவனுக்குக் காது கிடையாது. மூச்சின் ஒலி அவருக்குக் கேட்கவில்லை. அதனால் நனைந்த புறங்கையை அவள் மூக்கருகில் பிடித்துக்கொண்டு அதை நம்பினார். புறங்கையில் சில்லென்று பட்டுக்கொண்டே இருந்தது. சீராகத்தான் பட்டது. மூச்சு நன்றாக வருகிறது என்றுதான் நினைத்தார்.

அவர் பார்த்தது தன் மூச்சை. குனிந்து கத்தும் வாயிலிருந்து வந்த காற்றுதான் அவர் கையிலேயே பட்டுக் குளிர்ந்துகொண்டிருந்தது.

“நசீர், ரத்தம் கறுப்பாக வருகிறது” என்றார் டாக்டர்.

அதே கணத்தில் அவரும் அவள் காதுமடலைப் பார்த்துவிட்டார். நாவற்பழ நிறம். வாயை மூடினார். அறை அமைதியானது. அந்த அமைதியில் கேட்க வேண்டிய ஒலி கேட்கவில்லை.

கம்பிக்கூடு தரையில் போய் விழுந்தது. இரண்டு கையாலும் தாடையை முன்னுக்கு இழுத்தார். துணியால் நாக்கைப் பற்றி வெளியே கொண்டுவந்தார். டாக்டர் கத்தியைப் போட்டுவிட்டு விலாவில் கை வைத்து அழுத்தினார், விட்டார், அழுத்தினார். ருக்குமணியின் சிரிப்பு எங்கோ போயிருந்தது. நசீர் அகமதின் உதடு அசைந்தது. கூவவில்லை, வேறு எதையோ முணுமுணுத்தது.

தொண்டைக்குள் ஒரு கொரகொரப்பு. பிறகு ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொரு மூச்சு. அதைத் தொட்டுக்கொண்டே அடுத்தது. காதுமடல் மெல்ல மெல்லச் சிவந்தது. டாக்டர் கையை எடுத்தார்.

பொன்னாயியின் உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது.

கத்த வேண்டிய நேரம் அது. சத்தியம் செய்திருக்கிறார். கத்தியிருந்தால் அவள் மூச்சு அவருக்கு மறுபடியும் கேட்காமல் போயிருக்கும். அவர் கத்தவில்லை. அந்த மூச்சு போய் வருவதைக் கேட்டுக்கொண்டு வாயடைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் அசையாமல் இருந்த அந்த அறையில், வெளியே போன மூச்சோடு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், தெளிவாக ஒரு பேர் வந்தது.

“சென்றாயா.”

வெளியே காலடிச் சத்தம். தட்டிக் கதவருகே குரல். “ஏனுங்க, என்னையக் கூப்புட்டாப்புல இருந்துச்சே?”

நசீர் அகமதின் கண் காதுமடலிலும் காது மூச்சிலும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபக்கூட்டம் நடத்தி, பொய் சொல்லாதிருங்கள் என்று போதிக்கும் டாக்டர் ஞானமுத்து, வேறு கத்தியை எடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “நசீர்தான் கூப்பிட்டார். ஒன்றுமில்லை. அங்கேயே இரு.”

மீதி வேலை அமைதியாக முடிந்தது. யுத்தகாலத்தில் மருந்துச் சீசா கிடைப்பதே அரிது என்பதால், சிக்கனமாக, எண்ணி எண்ணிச் சொட்டு விழுந்தது. சீழ் ஒரு சட்டி நிறைய வந்தது. எலும்பு பழுதாகவில்லை. கால் தங்கும்.

கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது டாக்டர் தணிந்த குரலில் சொன்னார்: “இன்னொரு முறை என் மேசையில் நீ உன் காதை அடகு வைக்கக் கூடாது.”

“வைக்க மாட்டேனுங்க.” குரல் கரகரத்துப் பாதிதான் வந்தது. கொஞ்சம் பொறுத்து, “ஆனா அவ மூச்ச அடக்கிக்கிட்டே கெடந்திருந்தா என்ன பண்ணியிருப்பமுங்க?” என்றார்.

டாக்டர் சோப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நசீர் அகமது செய்தது சரியா, தவறா? அவளைச் சாவின் பக்கம் கொண்டுபோனதும் அந்த வாக்குத்தான். அவளை மூச்சு விடவைத்ததும் அந்த வாக்குத்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா என்று தெரியவில்லை. தெரிவது ஒன்று: அதற்கப்புறம் அவர் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அறுவைக்கு முன், பெண்கள் படுக்கைப் பக்கம் போகும்போது, “சொல்லக் கூடாத பேரு ஏதும் இருக்குதா?” என்று இப்போது கேட்டுக்கொள்கிறார். இருந்தால் தட்டிக் கதவுக்கு வெளியே நிற்பவர்களை, “டீத்தண்ணி வச்சுக் குடிங்க” என்று சொல்லி மரத்தடிவரைக்கும் துரத்திவிடுகிறார்.

பிற்பகலில் பொன்னாயிக்கு நினைவு வந்தது. குமட்டி, துப்பி, வாய் துடைத்துவிடச் சொல்லி, கண்ணைத் திறந்தாள். காலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த புருஷனைத்தான் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, ஏதாவது குறைந்திருக்கிறதா என்று தேடுவதுபோல் பார்த்தாள்.

“உள்ள இருந்தப்ப... ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா உங்களுக்கு?”

“சத்தமா? சந்தையே நடந்துச்சு உள்ளார. அப்புறம் ராவுத்தரு என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. டாக்டரு சொன்னாரு, ராவுத்தருதான்னு.” சென்றாயன் தலையைச் சொறிந்தான். “ஆனா பாரு, பொம்பளக் குரலாட்டம் இருந்துச்சு.”

பொன்னாயியின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் நின்று நாடி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகக் கண்ணைத் திருப்பினாள்.

நசீர் அகமது அவள் மணிக்கட்டில் இருந்த விரலை எடுக்கவில்லை. மறு கையால், கத்திக் கத்திக் கட்டிப்போய்க் குரலே மாறிவிட்ட தன் தொண்டையை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.